பதிமூன்றரைக் கிலோ கன்று

சோழவந்தான் சாலையை ஒட்டிய அந்த ஊரில், பிறந்த கன்றை எடை போடுகிறவள் ராமக்காள் ஒருத்திதான். கன்று விழுந்து தாய் நக்கி முடித்ததும், அதன் வயிற்றுக்கடியில் ஒரு சாக்கைக் கொடுத்து, நாலு மூலையையும் சேர்த்துக் கட்டி, கொட்டகை விட்டத்தில் தொங்கும் கொக்கித் தராசில் மாட்டிவிடுவாள். கன்று அந்தரத்தில் காலை உதறும். "பதினெட்டே முக்கால்" என்று சத்தமாகப் படித்துவிட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுவாள். புளிக்குளம் என்கிற நாட்டு மாட்டுக் கன்று என்றால் பதினெட்டிலிருந்து இருபதுக்குள் இருக்க வேண்டும், அரை மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் காம்பைப் பிடிக்க வேண்டும். இதில் எது தவறினாலும் யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. "மாட்டுக்கு ஆதார் கார்டு எப்ப எடுக்கப் போற?" என்று கேட்பார்கள். ராமக்காள் பதில் சொல்ல மாட்டாள். கேட்டவன் எதற்காகக் கேட்டான் என்று மட்டும் இரண்டு நாள் யோசிப்பாள்.

எடை போடும் பழக்கம் ஆஸ்பத்திரியில் வந்தது. மதுரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்தாள். சந்தேகப்படும் பழக்கம் அவள் கூடப் பிறந்தது என்றாலும், அதற்கு உரம் போட்டதும் ஆஸ்பத்திரிதான். ஒருமுறை இரண்டு பிள்ளைகளின் கைப்பட்டை மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தவள் அவள். இரண்டு கிலோ எழுநூறு என்று எழுதியிருந்த பிள்ளை கைக்குக் கனமாக இருக்கிறதே என்று திரும்பத் தராசில் போட்டுப் பார்த்தாள். மூன்று கிலோ நூறு. பெரிய டாக்டரம்மாவே எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அன்றைக்குப் பிறகு ராமக்காள் எதையும் ஒரு தடவைச் சொல்லுக்கு நம்பியதில்லை. கடைக்காரர் நிறுத்ததை வீட்டில் நிறுப்பாள். புருஷன் தவசி "சாப்பிட்டேன்" என்றால் சட்டியைத் திறந்து பார்ப்பாள்.

மூட்டு தேய்ந்து, ஐம்பத்தெட்டு வயதில் வார்டு வேலையை விட்டாள். பிறகு மாடுதான் பிழைப்பு. தவசி விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூட்டை இறக்கப் போய்விட்டு மதியத்துக்குத் திரும்புவான். மாட்டுப் பாடெல்லாம் அவள் பாடு. புளிக்குளம் மாடு பாலுக்கு ஆகாது. கறக்கிற கொஞ்சம் பாலும் கன்றுக்கே சரியாகப் போகும். கன்றுதான் அதில் வருகிற ஒரே வரவு. காளைக்கன்றை இரண்டு வருடம் வளர்த்துச் சந்தைக்குப் பிடித்துப் போவாள். அங்கே கைமாறிய காளை வண்டிக்குப் போகிறதா, லாரி ஏறிக் கறிக்குப் போகிறதா என்று அவள் கேட்டதில்லை. தெரியும், அதனால் கேட்டதில்லை. நல்ல எலும்பும் நல்ல சதையுமாக ஒப்படைத்தோமா என்பதோடு அவள் பொறுப்பு முடிந்தது.

அப்படிப்பட்டவளுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு அடி விழுந்தது. பெரிய பசு ஈனும்போது கன்று வெளியே வரவில்லை. முன்னங்கால் இரண்டும் தெரிந்தன, தலை வரவில்லை. மூன்று பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். வந்த கன்றை நிறுத்தால் இருபத்தொன்பது கிலோ. நாக்கு வீங்கித் தொங்க, ஒரு பகல் கிடந்து செத்துப்போனது. பசுவின் பின்னங்கால்கள் செயலற்றுப்போயின. அதையும் விற்றுக் கழித்துவிட வேண்டியதாயிற்று.

இதற்கு ராமக்காள் இரண்டு பேரைக் குற்றவாளியாக வைத்திருந்தாள். ஒருவன், சினை ஊசி போடும் இம்மானுவேல். நாட்டு மாட்டு ஊசி என்று சொல்லிச் சீமை மாட்டு ஊசியைப் போட்டுவிட்டான் என்பது அவள் கட்சி. "நாட்டு ஊசி தீந்துருச்சு, கலப்புதான் இருக்கு, போடவான்னு கேட்டேன், சரின்னுதானக்கா சொன்னீங்க" என்பது அவன் கட்சி. இன்னொருத்தி, அவள் ஓரகத்தி முத்துத்தாய். தவசியின் தம்பி பெண்டாட்டி, அடுத்த வீடு, இடையில் ஒரு குட்டைச்சுவர்தான். செத்த கன்றின் தாய் நிறைமாதமாக நின்றபோது சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய வயிறு!" என்று சொன்னவள் அவள்தான். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது ராமக்காளிடம் ஈனுகிற மாடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கழித்த பசு முன்னால் போட்ட கிடாரி, அதற்கு இது தலையீத்து, முதல் பிரசவம். இந்தக் கன்றும் போனால் இன்னொரு வருடம் வெறும் கொட்டகையைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கன்றில்லாமல் நாட்டு மாடு காம்பைத் தொடவிடாது, அதுவும் தலையீத்து.

இம்மானுவேல்தான் இதற்கும் ஊசி போட்டான். அந்த வட்டாரத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை. ஊசிக் குழலை அவள் கண்ணுக்கு நேரே நீட்டி, "பாருங்கக்கா, புளிக்குளம்னு போட்டிருக்கு" என்றான். எழுத்து எறும்புபோல இருந்தது, அதுவும் இங்கிலீஷ். ராமக்காள் தலையை ஆட்டிவைத்தாள், நம்பவில்லை.

ஏழாம் மாதம் அவன் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவன், வண்டியை நிறுத்திக் கிடாரியை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இனிமேதான் வயித்துல கன்னு வளரும். கடைசி ரெண்டு மாசம் நல்லாத் தீனி போடுங்க. தவிடு, பருத்திக்கொட்டை எதையும் குறைச்சுராதீங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? கன்னு தெம்பா விழணும்லக்கா."

"தெம்பாவா, பெருசாவா?"

இம்மானுவேல் சிரித்தான். அதுதான் அவன் செய்த தப்பு. வண்டி தெரு முனை திரும்புவதற்குள் ராமக்காளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போட்டது சீமை ஊசி. உள்ளே வளர்வது பெரிய உருப்படி. தீனியும் போட்டால் அது இன்னும் பெருக்கும், முட்டிக்கொள்ளும், அப்போது இவனையே கூப்பிட்டுக் கயிறு போடச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே தவிட்டை நிறுத்தினாள். மறுநாள் பருத்திக்கொட்டையை நிறுத்தினாள். வைக்கோலிலும் பாதியை எடுத்து வைத்தாள். தாய்க்குக் குறைத்தால் கன்று சிறுக்கும், சிறுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவள் அம்மா நாளிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சோற்றைக் குறைத்துப் பிரசவத்தைச் சுலபமாக்கிய ஊர்தானே அது.

தவசி பார்த்தான். "இந்தா, விலா எலும்பு தெரியுது."

"தெரியட்டும்."

"வாயில்லாச் சீவன், கேக்கத் தெரியாது. எனக்குக் குறைச்சாலாச்சும் டீக்கடையில ரெண்டு வடை தின்னுக்கிருவேன்."

"தின்னுக்கிட்டுத்தான இருக்கீங்க?" என்றாள் ராமக்காள்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு காலை, சாணி அள்ளும்போது அதில் பருத்திக்கொட்டைத் தோலைப் பார்த்தாள். விரலால் நசுக்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவள் போடாத தீனி மாட்டின் வயிற்றில் எப்படி வந்தது? குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் முத்துத்தாயின் கொட்டகை. மாட்டின் முகம் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. வெறும் பருத்திக்கொட்டையா, அதில் எதையாவது பிசைந்து போடுகிறாளா? கன்றைப் பெருக்கவைக்கப் பார்க்கிறாளா, கலைக்கப் பார்க்கிறாளா? இரண்டில் எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்று கிடாரியை அவிழ்த்து, கொட்டகையின் அந்தக் கோடியில், சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளிக் கட்டினாள். மறுநாள் சாணியில் தோல் இல்லை. தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

மாசி மாதம், காலை ஏழு மணிக்குக் கிடாரிக்கு வலி கண்டது. ராமக்காள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு மணிக்குத் தண்ணிக்குடம் உடைந்தது. எட்டேகாலுக்குள் கன்று விழுந்துவிட்டது. இழுக்கவில்லை, தொடக்கூட இல்லை. அவள் நினைத்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தது. பெண் கன்று.

தாய் எழுந்து நக்க வேண்டும். எழவில்லை. முன்னங்காலை ஊன்றிப் பார்த்தது, திரும்பப் படுத்துக்கொண்டது.

ராமக்காளே கன்றின் மூக்கைத் துடைத்து, வாய்க்குள் விரல் விட்டுச் சளியை வழித்து, சாக்கால் அரக்கித் தேய்த்தாள். வைக்கோல் துரும்பை மூக்குத் துளையில் விட்டுக் கிண்டினாள். ஒரு தும்மல் வந்தது, மூச்சு வந்தது. அவ்வளவுதான். தலையைத் தூக்கவில்லை. சாக்கில் கட்டித் தராசில் மாட்டினாள். காலை உதறாமல் துணி மூட்டைபோலத் தொங்கியது. பதிமூன்றரை. கொக்கியைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பார்த்தாள். அதே பதிமூன்றரை.

அரை மணி போனது. எழவில்லை. ஒரு மணி போனது. எழவில்லை. வாய்க்குள் விரலை வைத்தால் சப்ப வேண்டும், வார்டில் பிள்ளைகளுக்கும் அதுதான் சோதனை. கன்று சப்பவில்லை. நாக்கு சில்லென்று இருந்தது.

பூச்சந்தையில் அன்று சரக்குக் குறைவு. தவசி ஒன்பதரைக்கே வந்துவிட்டான். வந்தவன் கன்றுக்குப் பின்னால் விழ வேண்டிய நஞ்சுக்கொடியைத் தேடி எட்டிப் பார்த்து, "இளங்கொடி விழுந்துருச்சா? அது விழாமப் பால் காட்டக் கூடாதும்பாக" என்றான்.

"யாரு சொன்னது? ஆஸ்பத்திரியில கொடி விழுகுற வரைக்குமா புள்ளையப் பட்டினி போட்டோம்? கன்னை வெயில்ல போடுங்க, போங்க. நாலு மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போகலைன்னா இது தேறாது."

தவசி கன்றைத் தூக்கி இளவெயிலில் சாக்குமேல் கிடத்தினான். அப்போதுதான் ராமக்காள் அதன் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். செவலை நிறம், சின்னக் காது, குறுகின முகம், கழுத்துக்கடியில் மெல்லிய தொங்கல். சீமை மாட்டு வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. அச்சு அசல் புளிக்குளம். இம்மானுவேல் சொன்ன ஊசியைத்தான் போட்டிருக்கிறான்.

அப்படியானால் முத்துத்தாய். ராமக்காள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சுவர் பதினைந்தடி தள்ளி இருந்தது. மாடு இங்கே கட்டி ஒரு மாதம் ஆகிறது. கை எட்டாது, கண் பட்டிருக்கும் என்றால் அதற்கும் தடுப்பாக நடுவில் ஒரு தென்னந்தட்டியை ராமக்காளே அப்போதே வைத்திருந்தாள்.

சரி, முதலில் பால். கிடாரியின் மடியில் கை வைத்தாள். மடி பழைய தோல் பைபோல இருந்தது. நாலு காம்பையும் பீய்ச்சினாள். ஒன்றில் மட்டும் மஞ்சளாக, பசைபோல, ஒரு தேக்கரண்டி வந்தது. மற்ற மூன்றிலும் ஒன்றுமில்லை. அவள் கை மடியிலிருந்து மேலே போனது. தொடை எலும்பு, இடுப்பு முட்டு, விலா ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. எண்ணலாம்போல இருந்தது.

வார்டில் இரண்டு கிலோவுக்குக் கீழே பிள்ளை பிறந்தால் அவள் தாயிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. "எட்டாம் மாசத்துல சோத்தைக் குறைச்சியாடி? எந்தக் கிழவி சொன்னா? புள்ள சின்னதா வரும், சரி, அது பால் குடிக்கத் தெம்புக்கு எங்க போகும்? உனக்குத்தான் பாலு எங்கிட்டு ஊறும்?" இருபத்திரண்டு வருடத்தில் இதை எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சில பெண்கள் அழுவார்கள். அழுதாலும் விட மாட்டாள்.

மாட்டின் விலாவை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவினாள்.

முத்துத்தாயின் கலப்புப் பசு முந்தின நாள் சாயங்காலம் ஈன்றிருந்தது. கன்றின் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டிருந்தது. மடி பெருத்த மாடு, தன் கன்று குடித்ததுபோகப் பால் நிற்கும். ராமக்காள் செம்பை எடுத்தாள். அதைத் தவசியிடம் நீட்டினாள்.

"நீங்க போய்க் கேளுங்களேன்" என்றாள்.

"நான் எதுக்கு? நானா பேசாம இருந்தேன்?"

வாசலைச் சுற்றிப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். ஆனாலும் வாசலைச் சுற்றித்தான் போனாள். முத்துத்தாய் அடுப்படி வாசலில் குந்தி, சீம்பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கருப்பட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வாக்கா. ஒன்றரை வருசத்துக்கப்புறம் வழி தெரிஞ்சுருச்சா?"

"அதை அவிக்காத."

"ஏன், அவிச்சா உனக்கென்ன?"

"என் கன்னு எந்திரிக்கல. தாய்க்குப் பால் இல்ல."

முத்துத்தாய் பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி வைத்தாள். "இது கருப்பட்டி போட்டது, ஆகாது. இரு, மாட்டுலயே பீய்ச்சித் தாரேன்." எழுந்து கொட்டகைக்குப் போனாள். ராமக்காள் பின்னாலேயே போய், பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு பீய்ச்சலையும் பார்த்தாள். கெட்டியான மஞ்சள் பால் செம்பில் முக்கால்வாசி நிறைந்தது. வாங்கினவள் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"என்னக்கா, மருந்து வச்சிருக்கேனான்னு பாக்குறியா?"

"சூடு பாக்குறேன்."

"பாரு பாரு, நல்லாப் பாரு. ஏங்க்கா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கிடாரிய எதுக்கு அங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டுன? சுவத்தோரம் நின்னப்பவாவது ரெண்டு கை பருத்திக்கொட்டை போட்டுக்கிட்டு இருந்தேன். எலும்பும் தோலுமா நின்னுச்சு, பாக்கப் பொறுக்கல. எங்க வீட்டுக்காரருகூடச் சொன்னாரு, மதினிக்குத் தெரிஞ்சா மல்லுக்கு நிக்கும்னு."

ராமக்காள் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பால் ஆறுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். முத்துத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தாள்.

தவசி மூங்கில் குழாயைத் தயாராக வைத்திருந்தான். "வாயைத் திறந்து ஊத்திரலாம்" என்றான்.

"சப்பத் தெரியாததுக்கு ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயிரும். அதைத் தூரப் போடுங்க. பாட்டில் எங்க?"

பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பாட்டில் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து, கொதிக்கவைத்துக் கழுவி, ரப்பர் துளையைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் பெரிதாக்கினாள். செம்பை வெந்நீர்ச் சட்டிக்குள் நிறுத்திப் பாலை வெதுவெதுப்பாக்கினாள், அடுப்பில் வைக்கவில்லை. வைத்தால் கட்டிதட்டிப் போகும். முத்துத்தாய் கன்றை ஒருக்களித்துப் படுக்கவிடாமல் நெஞ்சு தரையில் படுகிற மாதிரி நிமிர்த்தி உட்காரவைத்து, தன் முழங்காலால் அணை கொடுத்தாள். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"தேய்டி. முதுகுல தேய். இன்னும் அழுத்தி."

"தேய்க்கிறேன்ல. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

ராமக்காள் விரலில் சீம்பாலைத் தொட்டுக் கன்றின் நாக்கில் தடவினாள். ஒன்றுமில்லை. திரும்பத் தடவினாள். மேலண்ணத்தை விரலால் வருடினாள். பத்துத் தடவை, பதினைந்து தடவை. வெயில் ஏறியது. முத்துத்தாயின் நெற்றியிலிருந்து வியர்வை கன்றின் முதுகில் சொட்டியது. பிறகு விரலைச் சுற்றி நாக்கு லேசாக மடிந்தது. இன்னொரு தடவை மடிந்தது. விரலை உருவிவிட்டு ரப்பரை வைத்தாள். கன்று ஒரு இழுப்பு இழுத்து, நிறுத்தி, யோசித்து, மறுபடி இழுத்தது.

"குடிக்குதுக்கா!"

"கத்தாத. புரையேறிரும்."

பால் கால் பாட்டில் இறங்க அரை மணி நேரம் ஆனது. அடுத்த கால் பாட்டில் பத்து நிமிடத்தில் இறங்கியது. தவசி அந்த நேரத்தில் கிடாரிக்கு வெல்லத் தண்ணீரும் கஞ்சியும் வைத்தான். பிறகு தவிட்டு மூட்டையை அவிழ்க்கப் போனான். "ஒரேயடியாப் போடாதீங்க, வயிறு தாங்காது, கையளவுதான்" என்று ராமக்காள் திரும்பாமலே சொன்னாள்.

மதியம் ஒன்றரை மணிக்குக் கன்று பின்னங்காலை ஊன்றிப் பார்த்தது. விழுந்தது. முன்னங்காலை முட்டி போட்டுப் பார்த்தது. விழுந்தது. மூன்றாவது தடவை முத்துத்தாய் தூக்கிவிடக் கையை நீட்டினாள். ராமக்காள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கன்று நாலு காலையும் அகட்டி, குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. நின்றதும் போகப் பார்த்தது. இரண்டு எட்டு வைத்துத் தாயின் முன்னங்காலில் போய் முட்டியது. தாய் படுத்தவாக்கிலேயே கழுத்தை நீட்டி அதை நக்க ஆரம்பித்தது.

முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிடாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நானும் கேக்கணும்னே இருந்தேன். இந்தக் கிடாரிக்கு என்னத்தக்கா போட்ட, இப்புடி ஆகிப்போச்சு?"

தவசி கையிலிருந்த தவிட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். ராமக்காளிடம் இதற்குப் பழைய பதில்கள் நிறைய இருந்தன. ஊசி சரியில்லை, வைக்கோலில் பூஞ்சை, மழை இல்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள்.

"ஒண்ணும் போடல" என்றாள். "கன்னு பெருத்துரும்னு நாந்தேன் பட்டினி போட்டேன்."

முத்துத்தாய் வாயைத் திறந்தாள். சொல்ல அவளிடமும் நிறைய இருந்திருக்கும். ராமக்காள் அதற்கு இடம் கொடுக்காமல் காலிச் செம்பைக் கழுவி அவள் கையில் வைத்தாள்.

"சாயங்காலமும் இம்புட்டு வேணும். நாளைக்குக் காலையிலயும். உன் கன்னு குடிச்சது போக மிச்சம் இருந்தாப் போதும்."

"கேக்குறியா, உத்தரவு போடுறியா?"

"கேக்குறேன்."

"அப்ப அஞ்சு மணிக்கு வா" என்றாள் முத்துத்தாய். "பக்கத்துல நின்னு பாத்துக்கோ. பாக்காட்டி உனக்குத் தூக்கம் வராது."